ஐம்பதும் ‘சி’

குரோம்பேட்டையில் ஒரு தோல் ஏற்றுமதிக் கம்பெனி. அதில் இருபத்திரண்டு வருஷமாக டெஸ்பாட்ச் கிளார்க்காக இருந்தவர் தட்சிணாமூர்த்தி. அங்கிருந்து வெளியே போகும் எந்தக் கடிதமும் முதலில் அவர் பென்சிலில் வரைவாகி, அடித்துத் திருத்தப்பட்டு, அப்புறம்தான் டைப்புக்குப் போகும். பொங்கல் வாழ்த்துக்குக்கூட அவருக்கு ஒரு வரைவு வேண்டும்.

தொண்ணூற்றைந்தாம் வருஷம் கம்பெனிக்குக் கம்ப்யூட்டர் வந்தது. அதன் பின்னாலேயே ஒரு சுற்றறிக்கையும் வந்தது. ஆபீஸில் உள்ள ஐந்து பேருக்கும் கம்ப்யூட்டரிலேயே பரீட்சை. கேள்வி ஐம்பது, ஒவ்வொன்றுக்கும் நான்கு விடை. இருபத்தைந்து மார்க் வாங்குகிறவர் குரோம்பேட்டையிலேயே இருக்கலாம். வாங்காதவர் கும்மிடிப்பூண்டி கிடங்குக்குப் போக வேண்டும். தட்சிணாமூர்த்தி போல இரும்புலியூரில் குடியிருப்பவர் கும்மிடிப்பூண்டிக்குப் போக மூன்று மணி நேரம், வர மூன்று மணி நேரம். நடுவில் வேலை வேறு பார்க்க வேண்டும். விடியற்காலையில் எழுந்து சோறு வடிக்கப் போகிறவள் தான்தான் என்பது புரிந்ததும், மனைவி செல்லியம்மாள் ஒரு மாதத்துக்கு டி.வி.யை அணைத்து வைத்தாள்.

அவரும் சும்மா இருக்கவில்லை. தாம்பரம் மார்க்கெட்டில் ஒரு கம்ப்யூட்டர் புத்தகம் வாங்கி, பாடம் பாடமாகக் குறிப்பெடுத்து, குறிப்புக்கும் ஒரு குறிப்பெடுத்தார். மாதக் கடைசியில் வீட்டில் எழுதிப் பார்த்தபோது ஐம்பதுக்கு முப்பத்திரண்டு வந்தது. அதோடு நிறுத்தியிருக்கலாம்.

அதே கம்பெனியில் ஸ்டோர்ஸ் பார்க்கும் சிட்டிபாபுவும் தினமும் அவர் போகும் மின்சார ரயிலில்தான் வருவார். பரீட்சை விஷயத்தில் அவருக்குப் பெரிய பெயர். ஐந்து முறை பேங்க் பரீட்சை எழுதி ஐந்து முறையும் தோற்ற அனுபவம் அந்த ரயிலில் வேறு யாருக்கும் கிடையாது. ஸ்டோர்ஸ்காரர் என்பதால் இந்தப் பரீட்சையிலிருந்து அவருக்கு விலக்கு. அதனால் யோசனை சொல்ல நிறைய நேரமும் இருந்தது. தாம்பரத்துக்கும் குரோம்பேட்டைக்கும் நடுவே சானடோரியம் ஸ்டேஷன் ஒன்றுதான். அதற்குள் சொல்லி முடித்துவிடுவார். நீளமான விடைதான் சரியான விடை என்பார். ஏ.சி.க்குப் பக்கத்து மிஷின்தான் நிதானமாகத் திருத்தும் என்பார். கேள்வி போடுகிறவன் வெட்கப்பட்டுக்கொண்டு விடையை முதலிலோ கடைசியிலோ வைக்கமாட்டான், ‘பி’யில் வைத்தால் சீக்கிரம் தெரிந்துவிடும், ஆகவே ‘சி’ என்பார். கணக்குப் போட்டது போலத்தான் இருந்தது.

“இன்னா சார், மிஷினுக்கு மூளையா கீது? காலி எங்க கீதுன்னு பாக்கும், அவ்ளோதான். ஃபர்ஸ்ட்டு அம்பதுக்கும் சி போட்டு அதோட வயித்த ரொப்பு. அப்பால குந்தி நிதானமா மாத்திக்கினு போ” என்றார் பரீட்சைக்கு முந்தின நாள்.

மற்ற யோசனைகளைத் தட்சிணாமூர்த்தி காதில் வாங்கவில்லை. இது மட்டும் பிடித்துவிட்டது. முதலில் ஒரு வரைவு, பிறகு திருத்தம். இத்தனை வருஷமாக அவர் செய்வதும் அதுதானே.

பரீட்சை மேற்குத் தாம்பரத்தில், மாடியில் இருந்த ஒரு கம்ப்யூட்டர் சென்டரில். செருப்பை வெளியே கழற்றிவிட்டு, சந்நிதிக்குள் போவது போல ஐந்து பேரும் உள்ளே போனார்கள். அங்கே வேலை பார்த்த தனம் அஸ்தினாபுரத்துப் பெண், சேர்ந்து இரண்டு மாதம் ஆகியிருந்தது. பட்டனை அழுத்தினால் அழுத்தினதுதான், திரும்பிப் போக முடியாது என்று அவள் தமிழிலும் இங்கிலீஷிலும் தெளிவாகச் சொன்னாள். தட்சிணாமூர்த்திக்கும் நன்றாகவே காதில் விழுந்தது. ஆனால் ‘இதுவே இறுதி’ என்று போட்டு எத்தனை காகிதம் அவர் மேஜைக்கு வந்திருக்கிறது! அதில் ஒன்றாவது இறுதியாக இருந்ததுண்டா? ஒரு கோடு, பக்கத்தில் சின்னக் கையெழுத்து, தீர்ந்தது. வெளியாட்களுக்காக அப்படிச் சொல்வார்கள் என்று எடுத்துக்கொண்டார்.

கேள்வியைப் படிக்காமல் ஐம்பது முறை ‘சி’யை அழுத்தினார். இரண்டு நிமிஷம்கூட ஆகவில்லை. பேனா மூடியைத் திருகுவது போல விரல்களை நீவிக்கொண்டு, இனித் திருத்தலாம் என்று நிமிர்ந்தார். திரையில் நன்றி என்று இருந்தது. அதன் கீழே ஒன்பது என்று இருந்தது.

கேள்வி போட்டவரும் அதே ரயிலில்தான் வருகிறாரோ என்னவோ, ‘சி’யைப் பார்த்துப் பார்த்துத் தவிர்த்திருந்தார்.

மற்ற நான்கு பேரும் தேறிவிட்டார்கள். டைப்பிஸ்ட் ரத்தினபாய் முப்பத்தெட்டு. எப்படி என்று கேட்டதற்கு, கேள்வியைப் படித்துப் பார்த்துப் பதில் போட்டதாகச் சொன்னாள். இவ்வளவு எளிய தந்திரம் ரயிலில் ஒருவருக்கும் தோன்றவில்லை. சிட்டிபாபு மட்டும் அசரவில்லை. சீசன் மாறிவிட்டது, இந்த வருஷம் ‘பி’ போட்டிருக்க வேண்டும் என்றார்.

தட்சிணாமூர்த்தி மேனேஜருக்கு மனு எழுதினார். மூன்று வரைவு. திருத்தம் செய்ய இயந்திரம் வாய்ப்பளிக்கவில்லை என்பது சாரம். எதைத் திருத்த என்பது மட்டும் அதில் இல்லை.

மேனேஜர் ராஜகோபாலுக்கு அவர்மேல் அபிமானம். தன் பெயரில் போகும் நல்ல இங்கிலீஷெல்லாம் யாருடையது என்று தெரிந்த மனுஷன். சென்டரிலிருந்து தனத்தை வரவழைத்தார். ஓரத்தில் ஓட்டை போட்ட நீளக் காகிதத்தை அவள் மேஜைமேல் பிரித்து வைத்தாள். வரிக்கு வரி, ஒன்றிலிருந்து ஐம்பது வரை, ஒரே எழுத்து. ராஜகோபால் மேலிருந்து கீழே பார்த்தார். நம்பாமல் கீழிருந்து மேலேயும் பார்த்தார்.

“சி கீ மாட்டிக்கிச்சா, மிஸ்டர் தட்சிணாமூர்த்தி? அப்படின்னா சொல்லுங்க. மிஷின் ஃபால்ட்டுன்னு சென்டருக்கு ஒரு லெட்டர் போட்டுட்டு, மறுபடி டெஸ்ட் வைக்கச் சொல்லிடலாம்.”

ஆமாம் என்று ஒரு வார்த்தை போதும். வரைவே தேவையில்லை. கேள்வியைப் படித்து எழுதினால் முப்பத்திரண்டு எங்கேயும் போய்விடாது. செல்லியம்மாளும் ஆறு மணிக்கு எழுந்தால் போதும்.

சென்டர் மிஷின்கள் தனத்தின் பொறுப்பில்தான் இருந்தன என்பது காகிதத்தின் அடியில் அவள் கையெழுத்தாக இருந்தது. அந்த லெட்டரை எழுதப் போவது யார் என்று தட்சிணாமூர்த்திக்குத் தெரியும். ‘தங்கள் ஊழியரின் கவனக்குறைவால்’ என்று இரண்டாம் பத்தி ஆரம்பிக்கும். அப்படி அவர் நூறு எழுதியிருக்கிறார். சேர்ந்து இரண்டு மாதமே ஆனவர்களை அது என்ன செய்யும் என்பதும் தெரியும். அவர்களுடைய கணக்கு முடிக்கும் கடிதங்களையும் அவர்தான் அனுப்பியிருக்கிறார்.

“இல்ல சார். கீ நல்லாத்தான் இருந்தது. அம்பதும் நான்தான் அழுத்தினேன்.”

“எதுக்குங்க?”

“டிராஃப்ட் சார்.”

ராஜகோபால் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு, டிராஃப்டுக்கு மார்க் போடும் வழக்கம் இந்தக் கம்பெனியில் இல்லையே என்று வருத்தமாகச் சொன்னார். தனம் காகிதத்தை மடித்து எடுத்துக்கொண்டு, “வரேன் சார்” என்றாள். மேனேஜரைப் பார்த்துச் சொல்லவில்லை.

மாற்றல் உத்தரவு வெள்ளிக்கிழமை தயாரானது. டெஸ்பாட்ச் அவர் பிரிவு என்பதால், முறைப்படி அவர் மேஜைக்கே வந்தது. யாரோ அவசரத்தில் நேராகக் கம்ப்யூட்டரில் அடித்திருந்தார்கள். தேதி தப்பு, கும்மிடிப்பூண்டியில் ஓர் எழுத்து குறைவு. பென்சிலால் திருத்தித் திருப்பி அனுப்பினார். நல்ல பிரதி வந்ததும் எண் போட்டு, பதிவேட்டில் ஏற்றி, உறையிலிட்டு ஒட்டினார். பெறுநர் கையெழுத்துப் போட வேண்டிய கட்டத்தில் கையெழுத்திட்டு, உறையைப் பிரித்துப் படிக்க ஆரம்பித்தார்.