செம்பியனுக்கு வச்ச பேனர்

செம்பியனுக்கு ஆபரேஷன்னு தெருவுக்கே தெரியும். என்ன ஆபரேஷன்னுதான் தெரியாது. கிட்னி கல்லுன்னு சொல்லி வச்சிருந்தான். உள்ளதைச் சொல்ல வாய் வருமா? விதைப்பையில நரம்பு புடைச்சுச் சுருண்டு, சூடேறி, விந்தணு கொறைஞ்சு கெடக்கு. அதுக்குப் பேரு வேரிகோசீலாம். கல்யாணமாகி ஆறு வருஷமாப் புள்ள இல்லாததுக்கு அதுதான் காரணம்னு சிதம்பரம் டாக்டர் ஸ்கேனைக் காட்டிச் சொல்லிட்டார்.

பொண்டாட்டி சுவேதாவுக்கு எல்லாம் தெரியும். "அம்மாகிட்ட மட்டும் சொல்லிடாத"ன்னு அவ கையைப் பிடிச்சுக் கெஞ்சியிருந்தான், மகராசன். அவளும் வாயைத் திறக்கல. அம்மா அமிர்தமோ மருமவளைக் கோயில் கோயிலா இழுத்து, வேப்பங்கொழுந்தை அரைச்சு அவ வாயிலதான் திணிச்சாங்க. ராசியில்லாதவள்னு ஆஸ்பத்திரிக்குக்கூட அவளை விடல.

அதனால கூட இருந்தது சிநேகிதன் அருள்முருகன். அவன்கிட்ட விஷயத்தைச் சொல்லவேண்டியதாப் போச்சு. அங்கதான் வந்துச்சு வினை. காதுகுத்தோ கடைதிறப்போ, பேனர் வைக்கலைன்னா அந்தப் பயலுக்குச் சோறு எறங்காது.

ஆபரேஷன் முடிஞ்சு திரும்புன கார் கடலூருக்குள்ள வந்து தெருமுனையில திரும்புச்சு. பேனர்ல ஆளுயரத்துக்குச் செம்பியன் மூஞ்சி. "வேரிகோசீலை வென்று வரும் வருங்காலத் தந்தையே, வருக! அணுக்கள் பெருகுக!" கீழே கூலிங்கிளாஸ் போட்ட நாலு பேரு, காதுல செல்போனோட.

"அடப்பாவி! மூணு மாசம் கழிச்சு டெஸ்ட் எடுத்தாத்தான் தெரியும், கூடலாம், கூடாமலும் போகலாம்னு டாக்டரே சொன்னாருடா. நீ அப்பனாவே ஆக்கிட்டியே!"

"பாசிட்டிவா யோசி மச்சான்."

பேனருக்குக் கீழ தெருவே நின்னுச்சு. டீக்கடை கண்ணாயிரம் மெதுவா ஒதுங்கி வந்து, "தம்பி, அந்த டாக்டர் நம்பரு... எனக்கில்ல, தெரிஞ்சவருக்கு"ன்னார்.

அமிர்தம் எழுத்துக்கூட்டிப் படிச்சு முடிச்சாங்க. "அப்ப கொறை ஒங்கிட்டயாடா?" அம்மா மருமவ பக்கம் திரும்பி, "நீயாவது சொல்லியிருக்கலாமில்ல?"ன்னாங்க. சுவேதா புருஷனைப் பார்த்தா.

"அவுறா அதை!"ன்னு கத்தினான் செம்பியன். அருள்முருகன் ஏணியில ஏறி ஒரு பக்கத்துக் கயித்தை அவுத்தான்.

"இருக்கட்டும்ணே"ன்னா சுவேதா, சாதாரணமா. "ஆறு வருஷமா ஊரு என் வயித்தையே பார்த்துச்சு. ஒரு வாரம் இதைப் பார்க்கட்டுமே."

நிஜமான வெக்கம் அப்பத்தான் வந்துச்சு செம்பியனுக்கு. தையல் சுருக்குனு இழுக்க, காலை அகட்டி அகட்டி நடந்து போயி, கீழ தொங்குன கயித்தை எடுத்து ஏணி மேல நின்னவன்கிட்ட நீட்டினான்.

"இறுக்கிக் கட்டுறா."