மேடையேறிய சுருக்கம்

மடிப்பக்காவுக்கு நாற்காலியில் இருப்புக்கொள்ளவில்லை. எந்தத் துணியையும் கத்தி முனை போல மடித்துத் தருவதால் சலவைக்கடை வாடிக்கையாளர்கள் வைத்த பெயர் அது. நாற்பத்தெட்டு வயதில், அஞ்சல் வழியில் ஆறு வருடம் மல்லுக்கட்டிய பட்டத்துக்கு இன்று விழா. அரங்கிலிருந்த முந்நூறு கறுப்பு அங்கிகளும் அவள் கடையில் தேய்த்தவைதான்.

பின்வரிசையில் அவள் வீட்டாருக்கான இரண்டு நாற்காலிகளும் காலி. திரும்பித் திரும்பிப் பார்த்ததில் கழுத்து பம்பரமாகியிருந்தது.

காலையில் அழைத்தபோது கணவர் இஸ்திரிப்பெட்டியிலிருந்து தலையே தூக்கவில்லை.

“பட்டத்த எங்க மாட்டப்போற? ஹேங்கர் ஒண்ணுகூட காலியில்ல.”

“அம்மா இனிமே சட்டைக்குப் பாடம் நடத்திட்டுத்தான்பா தேய்ப்பாங்க” என்றான் மகன்.

இருவரும் சிரித்தார்கள். நுழைவுச்சீட்டுகளை மேசையில் வீசிவிட்டு வந்துவிட்டாள்.

வீட்டு மனிதர் ஒருவர்கூடப் பார்க்காமல் வாங்குவதைவிட எழுந்து போய்விட்டால் என்ன? மூன்று முறை எழுந்தாள். மூன்றாவது முறை பக்கத்து இளைஞன், “பாத்ரூம் அந்தப் பக்கம்க்கா” என்றான். உட்கார்ந்தாள். நெளிந்தாள். முன்வரிசைத் தோள்களில் சுருக்கம் தேடினாள். ஒன்றுமில்லை, அதுவும் எரிச்சலாக இருந்தது.

பெயர் வந்தது. மேடையேறினாள். சிறப்பு விருந்தினர் சான்றிதழை நீட்டினார்.

“நில்லு!”

பக்கவாசலில் துணி ஏற்றும் தள்ளுவண்டியை விட்டுவிட்டு, நனைந்த பனியனோடு மேடைக்கே ஏறி வந்தார் கணவர். மின்விசிறிகள்கூட மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றன.

“காலர் உள்ள மடிஞ்சிருக்கு. இப்படியா வாங்குவ?”

இழுத்துச் சரிசெய்தார். தோளை இரண்டு தட்டு தட்டினார். பிறகு விருந்தினரிடம், “இப்பக் குடுங்க சார்” என்றார்.

கைதட்டலில் கூரை நாலு அடி உயர்ந்து இறங்கியது. மடிப்பக்காவுக்கு அங்கேயே புதைந்துபோகலாம் போலவும் இருந்தது, அந்த மனிதரைக் கட்டிக்கொள்ளலாம் போலவும் இருந்தது. பல்லைக் கடித்தபடி இறங்கினாள்.

“என்னைப் பாக்க வந்தீங்களா, அங்கியப் பாக்க வந்தீங்களா?”

“அங்கிய அள்ளிட்டுப் போக வந்தேன். பன்னெண்டு மணிக்கு எடுக்கச் சொல்லியிருக்காங்க.”

“இப்ப மணி பத்தே முக்கால்.”

“டிராஃபிக் இருக்கும்னு சீக்கிரமே கெளம்புனேன்.”

“கடை எதிர்த்தாப்லதான இருக்கு?”

அவர் தள்ளுவண்டிச் சக்கரத்தை மிகுந்த அக்கறையோடு ஆராய்ந்தார்.

“உங்க புள்ள எங்க?”

“கடைய யாராவது பாக்கணும்ல. சரி, அங்கியக் கழட்டு.”

“மாட்டேன். அவனும் பாக்கட்டும்.”

சான்றிதழைக் கையில் பிடித்துக்கொண்டு, நடுச்சாலையில் பேருந்தையே நிறுத்திக் கடந்தாள். பின்னால் காலி வண்டியைத் தள்ளிக்கொண்டு ஓடிவந்தார் கணவர்:

“ஏய், தரையில இழுபடுது! ஓரத்தத் தூக்கிப் புடி!”

அவள் தூக்கவில்லை.