பின் சீட்டுக்கு வந்த அழைப்பு

கலூலேயின் காருக்குள் ஒரு பொம்பளை இருந்தாள். சாவியைத் திருகியதும் பேசுவாள். குரல் வெல்லப்பாகு மாதிரி இருக்கும். என்ன சொல்கிறாள் என்பது கலூலேக்கும் தெரியாது, அவன் மனைவி நலுமான்சிக்கும் தெரியாது. பத்து வருஷம் ஜப்பானில் ஓடிவிட்டுக் கப்பலேறிக் கம்பாலாவுக்கு வந்த கார் அது. ஊரை மாற்றிக்கொண்டதே தவிர, பாஷையை மாற்றிக்கொள்ளவில்லை.

"யாருடி அவ?" பின் சீட்டிலிருந்து நாலோங்கோ கேட்டாள்.

"காரும்மா."

"கார் எதுக்கு இவ்வளவு குழையுது?"

காலையில் அம்மா கண்ணெதிரே குடிக்க வைத்த கஞ்சி நலுமான்சியின் வயிற்றில் ஏதோ பேசிக்கொண்டிருந்தது. அதில் ஒரு வைத்தியரின் வேர்த்தூள் மூன்று கரண்டி கலந்திருந்தது.

நாலோங்கோ என்றால் இரட்டைப் பிள்ளை பெற்றவள். அவளுடைய சொந்தப் பெயர் அவளுக்கே மறந்து போகிற அளவுக்கு ஊரெல்லாம் அப்படித்தான் கூப்பிட்டது. கிசேனியில் துணிக்கடை வைத்திருந்தாள். கடைக்குள் நுழைகிறவன் வாங்க வந்தவனா, நோட்டம் பார்க்க வந்தவனா என்று அவன் செருப்பைப் பார்த்தே சொல்லிவிடுவாள். பத்துக்கு நாலு தடவை அது சரியாகவும் இருக்கும். அப்பேர்ப்பட்டவளின் மகளுக்குக் கல்யாணமாகி ஆறு வருஷம். வயிற்றில் ஒரு புழு பூச்சி இல்லை. ஆறு வருஷம் பொறுமையாக இருக்கிற புருஷன் எவனும் சும்மா பொறுமையாக இருக்க மாட்டான், வேறு எங்கோ ஒரு தொட்டில் ஆடிக்கொண்டிருக்கும் என்பது அவள் முடிவு. சாட்சி மட்டும்தான் பாக்கி.

சாட்சி தேடுவதில் ஒரு பெரிய சிக்கல் இருந்தது. எங்கள் பக்கம் மாமியாரும் மருமகனும் ஒருவரை ஒருவர் தொடக்கூடாது, பக்கத்தில் உட்காரக்கூடாது, முகத்தை நேராகப் பார்க்கக்கூடாது, நேருக்கு நேர் பேசக்கூடாது. மீறினால் கை கால் நடுக்கம் வரும். ஒரே காரில் போவதெல்லாம் நினைத்துப் பார்க்க முடியாத காரியம். ஆனால் மசாகாவில் நாலோங்கோவின் நாத்தனார் வீட்டுத் துக்கம் கழிக்கும் சடங்கு. கூட்டிப் போவதாகச் சொன்ன அண்ணன் மகனின் வேன் விடிகாலையிலேயே படுத்துவிட்டது. வேறு வழியில்லாமல் ஓர் ஏற்பாடு செய்தார்கள். நாலோங்கோ பின் சீட்டில், தலையில் முக்காடு. முன்னால் மகள், நடுவில் மத்தியஸ்தம். உள்ளே இருக்கும் கண்ணாடியில் மாமியார் முகம் தெரிந்துவிடக் கூடாது என்று கலூலே அதைக் கூரைப் பக்கம் திருப்பி வைத்துவிட்டான். பின்னால் வரும் லாரிகளைப் பற்றி நலுமான்சிதான் அவ்வப்போது திரும்பிப் பார்த்துத் தகவல் சொன்னாள்.

இப்படியாக மரியாதையோடும் உயிர் பயத்தோடும் கார் ம்பிகி தாண்டியது.

முன்னால் இருந்த திரையில் எல்லாமே ஜப்பான் எழுத்து. கலூலே இடத்தை வைத்து மனப்பாடம் செய்திருந்தான்: இடது மூலை பாட்டு, அதன் கீழே போன், வலது ஓரம் வரைபடம். வரைபடத்தில் ஜப்பான் மட்டுமே இருந்ததால், மசாகா சாலையில் எண்பதில் போகிற கார் திரையில் ஒரு வெள்ளைப் பாழ்வெளியில் அம்புக்குறியாக ஊர்ந்துகொண்டிருந்தது.

திடீரென்று பாட்டு நின்றது. மணி அடித்தது. திரையில் பெரிய ஆங்கில எழுத்தில் ஒரு பெயர் வந்தது: பிராஸி.

கலூலேயின் விரல் பாய்ந்து சிவப்புப் பொத்தானை அழுத்தியது. அவன் அவ்வளவு வேகமாக எதையும் செய்து நாலோங்கோ பார்த்ததில்லை. பார்க்கக்கூடாது என்பதால் எதையுமே பார்த்ததில்லை. ஆனாலும் வேகம் வேகம்தானே. நலுமான்சி முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

ஆக, இவளுக்கும் தெரியும். தெரிந்துகொண்டே வாயை மூடிக்கொண்டிருக்கிறாள். நாலோங்கோவின் நெஞ்சு எரிந்தது.

கயாப்வேயில் மறுபடியும் பிராஸி. மறுபடியும் சிவப்பு.

"நலுமான்சி," என்றாள் நாலோங்கோ. "உன் புருஷன்கிட்ட சொல்லு. அவசரமான போன்னா எடுத்துப் பேசட்டும். நான் காதப் பொத்திக்கறேன்."

"அவசரமில்லன்னு அம்மாகிட்ட சொல்லு," என்றான் கலூலே, சாலையைப் பார்த்தபடி.

"அவசரமில்லாதவ எதுக்கு ரெண்டு தடவ கூப்பிடறான்னு கேளு."

"ஆபீஸ் ஆளுன்னு சொல்லு."

"ஞாயித்துக்கிழமைல என்ன ஆபீஸ்னு கேளு."

"ரெண்டு பேரும் கொஞ்சம் நிறுத்துறீங்களா," என்றாள் நலுமான்சி. "எனக்கு வயித்தக் கலக்குது. லுக்காயாவுல வண்டிய நிறுத்துங்க, சீக்கிரம்."

லுக்காயாவில் கார் நிற்பதற்கு முன்பே கோழி விற்பவர்கள் ஓடி வந்து மொய்த்துக்கொண்டார்கள். நீல மேலங்கி, முதுகில் எண், கையில் கம்பியில் குத்திய கோழிக் கால்கள். நலுமான்சி அவர்களை விலக்கிக்கொண்டு சந்தைக்குப் பின்னால் இருந்த கழிப்பறையைப் பார்த்து ஓடினாள். காருக்குள் இரண்டே பேர்.

மாமியாரோடு காரில் தனியாக இருப்பதை விட அந்தக் கரி அடுப்பில் போய் உட்காரலாம் என்று கலூலேக்குத் தோன்றியிருக்க வேண்டும். கதவைத் திறந்து குதித்தான். மாமியாருக்குப் புழுங்கக்கூடாதே என்று ஜன்னலைத் திறந்துவிட்டு, உள்ளே காற்று வர இன்ஜினையும் ஓடவிட்டிருந்தான். ஒரு லாரி நீளத்துக்குத் தள்ளிப் போய், வாழைப்பழம் சுடுகிற அடுப்புக்குப் பக்கத்தில் முதுகைக் காட்டி நின்றுகொண்டான். நல்ல வளர்ப்பு. அதில் நாலோங்கோவால் குறை சொல்ல முடியவில்லை.

அப்போது திரையில் மூன்றாம் முறையாகப் பிராஸி வந்தாள்.

வெளியே கலூலே பையிலிருந்து போனை எடுத்தான். சுற்றுமுற்றும் பார்த்தான். யாரும் இல்லை என்று நிச்சயப்படுத்திக்கொண்டு பச்சையைத் தள்ளிக் காதில் வைத்தான். போன் இன்னும் காரோடுதான் சேர்ந்திருக்கிறது என்பது அவன் புத்திக்கு எட்டவே இல்லை. இதற்கு முன்னால் காரை ஓடவிட்டுவிட்டு அவன் இப்படி ஓடியதே இல்லை. மாமியார் ஏறியதும் இன்றைக்குத்தானே.

"சேபோ கலூலே?" என்று 'ஐயா' போட்டுக் கூப்பிட்டாள் பிராஸி, காரின் நாலு மூலையிலிருந்தும். "ரெண்டு தடவ கட் பண்ணிட்டீங்களே."

நாலோங்கோ முக்காட்டைத் தள்ளிவிட்டாள். இரண்டு முன் சீட்டுக்கும் நடுவே உடம்பை நுழைத்து, சத்தம் கூட்டுகிற குமிழைப் பிடித்தாள். அது மட்டும் அவளுக்குத் தெரியும். எந்த நாட்டு ரேடியோவிலும் அது ஒரே மாதிரிதான். ஒரு வார்த்தை தப்பக்கூடாது என்று முழுசாகத் திருகினாள்.

வெளியே கலூலே, "ஹலோ? ஹலோ? கேக்கல," என்று போனை உதறிக்கொண்டிருந்தான்.

"ஹலோ, இருக்கீங்களா?" என்றாள் பிராஸி.

"ம்," என்றாள் நாலோங்கோ, குரலை மகள் மாதிரி மெல்லிசாக்கி.

"அட, ஞாபோ, வீட்டம்மா நீங்களா? நல்லதாப் போச்சு. உங்ககிட்டயே சொல்லிடறேன். இன்னிக்கு டூட்டில ஃபைலப் பாத்தேன். ரிசல்ட் வந்திருச்சு."

ரிசல்ட். நாலோங்கோவின் கை குமிழிலேயே நின்றுவிட்டது.

"டாக்டருக்கு ரொம்ப சந்தோஷம். உங்க வீட்டுக்காரருக்குப் போன தடவைக்கு இப்ப நல்லா ஏறியிருக்கு. மனசு விடாம மாத்திரையச் சாப்பிடச் சொல்லுங்க. திங்கக்கிழமை ரெண்டு பேரும் கிளினிக் வந்துடுங்க. நான் கூப்பிட்டா கட் பண்ண வேண்டாம்னும் சொல்லுங்க, வெக்கப்படறதுக்கு ஒண்ணுமில்ல."

திறந்திருந்த ஜன்னலில் கோழிக்காரர்கள் மூன்று பேர் தலையை நுழைத்திருந்தார்கள்.

"யாருக்கு ஏறியிருக்கு?" என்று ஒருவன் கேட்டான்.

"சம்பளமா இருக்கும்," என்றான் இன்னொருவன். "மாத்திரை சாப்பிட்டா ஏறுமா?"

"போங்கடா," என்று நாலோங்கோ கையை வீசினாள். குமிழைத் திருப்புவதற்குப் பதில் அவசரத்தில் திரையில் இருந்த எதையோ அழுத்தினாள். வரைபடம் வந்தது. இன்னொன்றை அழுத்தினாள். ஜப்பான்காரி குறுக்கே புகுந்து நீளமாக ஏதோ விளக்கம் கொடுத்தாள். அவளுக்கும் மேலே பிராஸியின் குரல் லுக்காயா சந்தை முழுக்கக் கேட்டது.

"கொற அவர்கிட்டன்னு தெரிஞ்சும் ஊர்ப் பேச்சையெல்லாம் உங்க தலைல வாங்கிக்கறீங்களே ஞாபோ, நானா இருந்தா முடியாது. ஆனா ஒண்ணு. உங்கம்மா தர்ற அந்தத் தூள மட்டும் எப்படியாவது நிறுத்துங்க. உங்களுக்கு ஒரு கோளாறும் இல்ல, அந்தத் தூளால வர்ற வயித்துப்போக்கத் தவிர."

அடுப்புப் பக்கம் நின்ற கலூலே திரும்பினான். தன் போனில் கேட்க வேண்டிய குரல் தன் காரிலிருந்து வருவது அப்போதுதான் அவனுக்கு உறைத்தது. போனைத் தடவினான், அது நழுவிச் சாக்கடைச் சேற்றில் விழுந்தது. காரைப் பார்த்து இரண்டடி ஓடி வந்தான். உள்ளே மாமியார். நின்றுவிட்டான். போகவும் முடியாமல் வரவும் முடியாமல் நடுவழியில் தலையில் கையை வைத்துக்கொண்டான்.

ஆறு வருஷத்தில் நாலோங்கோ மருமகனின் முகத்தை நேராகப் பார்த்தது அப்போதுதான். முன் கண்ணாடி வழியாகப் பார்த்தாள். திருடன் முகம் எப்படி இருக்கும் என்று அவளுக்குத் தெரியும். தினமும் கடையில் பார்க்கிறாள். இது அது இல்லை. பள்ளிக்கூடத்து வாசலில் கால்சட்டை கிழிந்து நிற்கிற பையனின் முகம்.

இந்தச் சத்தத்தை உடனே நிறுத்தியாக வேண்டும். எந்தப் பொத்தான் என்று அந்த ஜப்பான் கடவுளுக்குத்தான் வெளிச்சம்.

"இந்தா பொண்ணே," என்றாள் திரையைப் பார்த்து, சொந்தக் குரலில். "நான் பொண்டாட்டி இல்ல. தூள் குடுக்கறவ. போன வை."

பிராஸி டக்கென்று வைத்துவிட்டாள்.

நலுமான்சி திரும்பி வந்தபோது கலூலே சாக்கடை ஓரத்தில் குனிந்து போனைக் கால்சட்டையில் துடைத்துக்கொண்டிருந்தான். இருவரும் ஏதோ பேசினார்கள். நாலோங்கோ முக்காட்டை மூக்கு வரைக்கும் இழுத்துவிட்டுக்கொண்டாள். அவர்கள் ஏறினார்கள். கார் கிளம்பியது. கோழிக்காரன் ஒருவன் காசு வாங்காமல் ஒரு கோழிக் காலை ஜன்னல் வழியாக நீட்டி, "அண்ணனுக்கு," என்றான். யாரும் வாங்கவில்லை.

மாமியார் எவ்வளவு கேட்டிருப்பாள் என்று கலூலேக்குத் தெரியவில்லை. அவன் பிடரி வியர்த்துப் போயிருந்தது. மகள் முன்னாலிருந்து திரும்பவே இல்லை. பின்னால் எத்தனை லாரி வருகிறது என்று இப்போது சொல்ல ஆளில்லை.

நாலோங்கோ கணக்குப் போட்டாள். மசாகாவில் நாத்தனார்கள் மூன்று பேர் வாழைக்காய் உரித்துக்கொண்டு காத்திருப்பார்கள். உட்கார்ந்ததும் முதல் கேள்வி நலுமான்சியின் வயிற்றைப் பற்றித்தான் இருக்கும். அவள் தலையைக் குனிவாள். அவளுக்குப் பக்கத்தில் இவன், வாயைத் திறந்து சொல்லவும் முடியாமல், சும்மா இருக்கவும் முடியாமல். போன வருஷமும் அப்படித்தான் நின்றான். கள்ளத்தனம் என்று நினைத்திருந்தாள்.

இவனிடம் ஒன்று சொல்ல வேண்டும். மகள் வாயால் சொல்லச் சொன்னால் அவன் தலை இன்னும் கீழே போகும். நேராகச் சொன்னால் ஆறு தலைமுறை எழுந்து வரும். ஆனால் போனில் பேசக்கூடாது என்று எந்த முன்னோரும் சொன்னதாக அவளுக்கு ஞாபகமில்லை. பாவம், அவர்களுக்கு அந்த வாய்ப்பு வரவில்லை.

பையிலிருந்து தன் போனை எடுத்தாள். எண்ணை அழுத்தினாள்.

காரில் மணி அடித்தது. திரையில் "மாமா" என்று எழுத்து ஓடியது; எங்கள் பேச்சில் அம்மா என்று அர்த்தம். இவன் அம்மா செத்து மூணு வருஷமாச்சே, இது எவள் என்று ஒரு கணம் நாலோங்கோவுக்கு மறுபடியும் சந்தேகம் கிளம்பியது. பிறகுதான் புரிந்தது. தொண்டையைச் செருமிக்கொண்டாள்.

கலூலேயின் விரல் சிவப்புக்கும் பச்சைக்கும் நடுவே தடுமாறிப் பச்சையில் விழுந்தது.

"ஹலோ," என்றான்.

"ஹலோ, மருமகப்பிள்ள. நல்லாருக்கீங்களா?"

"நல்லாருக்கேன், நாலோங்கோ. நீங்க?"

"நல்லாருக்கேன். எங்க இருக்கீங்க?"

அவன் கொஞ்சம் யோசித்தான். "லுக்காயா தாண்டிட்டேன்."

"நானும் அங்கதான்."

நலுமான்சி வாயைப் பொத்திக்கொண்டாள்.

"கேளுங்க," என்றாள் நாலோங்கோ, ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு. அவள் சொன்னது ஒரு தடவை பின்னாலிருந்தும் ஒரு தடவை முன்னாலிருந்தும் கேட்டது. "இனிமே தூள் வராது. திங்கக்கிழமை நீங்க ரெண்டு பேரும் போக வேண்டிய எடத்துக்குப் போங்க. இன்னிக்கு அங்க யாராவது வாயத் தொறந்தா, பதில் சொல்ல வேண்டியது நான். உங்க ரெண்டு பேர் தலைலயும் யாரும் எதையும் வைக்க நான் விடமாட்டேன். கேக்குதா?"

"கேக்குது."

"நல்லா கேக்குதா?"

"நல்லா கேக்குது, மா..." என்று ஆரம்பித்தவன் முடிக்கவில்லை. நாலு மூலையிலிருந்தும் யாரோ மூக்கை உறிஞ்சுகிற சத்தம் வந்தது. "ரோட்டுல தூசி," என்றான்.

"இருக்கும். ரோட்டப் பாத்து ஓட்டுங்க."

அதற்கு மேல் பேச ஒன்றுமில்லை. பெரியவள் பேசும்போது சிறியவன் போனை வைப்பது மரியாதை இல்லை என்று கலூலே சிவப்பைத் தொடாமல் இருந்தான். தான் முதலில் வைத்தால் கோபம் என்று நினைத்துக்கொள்வானோ என்று நாலோங்கோவும் போனைக் காதிலேயே வைத்துக்கொண்டிருந்தாள். நலுமான்சி இரண்டு பேரையும் பார்க்காமல் திரையில் ஓடுகிற நிமிஷங்களை மட்டும் பார்த்தாள். மூவரின் மூச்சும் ஒலிபெருக்கியில் கேட்டுக்கொண்டிருக்க, கார் மசாகா வரைக்கும் அப்படியே போயிற்று.