இரண்டாவது கோழியின் சக்கரம்

அவரை எல்லோரும் கோழிக்காரர் என்றுதான் கூப்பிட்டார்கள். அவரோ வாழ்நாளில் ஒரு கோழிகூட வளர்த்தவரில்லை. கடைவளாகத்தின் இரண்டாவது மாடியில் விளையாட்டு மெஷின்கள் வைத்துக் கூடம் ஒன்று நடத்திவந்தார். அதன் வாசலில் நின்ற பழைய மெஷின்தான் கோழி. ஆளுயரக் கண்ணாடிப் பெட்டி, உள்ளே வைக்கோல் கூடை, கூடைமேல் நிஜ இறகு ஒட்டிய தகரக் கோழி. காசு போட்டால் கொக்கரித்துக்கொண்டே கழுத்தைத் தூக்கும். முழுசாக ஒரு சுற்றுச் சுற்றும். நிற்பவர்களை ஒரு முறை முறைத்துவிட்டு உட்காரும். கீழே உள்ள குழாய் வழியாக ஒரு பிளாஸ்டிக் முட்டை உருண்டு வரும். முட்டைக்குள் மோதிரமோ விசிலோ இருக்கும்.

கூடத்தில் இருந்த மற்ற மெஷின்களை யாரும் சீண்டுவதில்லை. கையில் போன் வைத்திருக்கிற பிள்ளைகளுக்கு கார் ஓட்டுகிற மெஷின் எதற்கு? கோழிக்காகத்தான் ஜனம் மாடியேறியது. சின்ன வயதில் முட்டை வாங்கியவர்கள் இப்போது பிள்ளைகளை இடுப்பில் தூக்கிக்கொண்டு வந்து, "அப்பாவை முறைச்ச கோழி இதுதாண்டா" என்று காட்டினார்கள்.

அந்தக் கோழி ஒரு சனிக்கிழமை காலையில், பாதிச் சுற்றில், பின்பக்கத்தைக் கூட்டத்துக்குக் காட்டியபடி நின்றுபோனது.

கோழிக்காரர் பின்கதவைத் திறந்து பார்த்தார். மோட்டார் நன்றாக ஓடியது. பெல்ட்டும் சரியாகத்தான் இருந்தது. அடியில் மட்டும் பழுப்பு நிறத்தில் ஒரு குவியல் தூள். கோழியின் ஆட்டம் முழுவதும் ஒரு சக்கரத்தில் இருந்தது. சாப்பாட்டுத் தட்டு அளவு, கெட்டி ஃபைபரில் செய்தது, விளிம்பு முழுக்க மேடும் பள்ளமுமாக இருக்கும். மேடு வந்தால் கழுத்து ஏறும், பள்ளம் வந்தால் கோழி உட்காரும். அந்தச் சக்கரம்தான் உளுத்துப்போய் உதிர்ந்து கிடந்தது.

மூன்று வாரம் நாயாய்ப் பேயாய் அலைந்தார். பழைய இரும்புக் கடைகள், தையல் மெஷின் பிரிக்கிற சந்து, மூடிப்போன பொருட்காட்சிகளின் சாமான்களை மொத்தமாக வாங்கிக் குவித்திருந்த ஓர் ஆளின் கொட்டகை என்று ஒன்றையும் விடவில்லை. அந்த ஆள் தலையைச் சொறிந்து, "கோழி சக்கரம் இல்லை. குதிரைத் தலை ஒண்ணு இருக்கு, ஆகுமா?" என்றார். கடைசியில் கோழிக்காரர் உதிர்ந்த துண்டுகளை அட்டையில் ஒட்டி, மிச்சத்தை ஊகித்து வரைந்து, பிளைவுட்டில் தானே ஒன்று அறுத்து மாட்டினார். காசு போட்டதும் கோழி சாமி வந்ததுபோல் தலையை உதறியது. அது உட்காருவதற்கு முன்பே முட்டை வந்துவிட்டது. வேடிக்கை பார்த்த ஒரு பெண், "பாவம், சிசேரியன் போல" என்றாள். கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. கோழிக்காரர் ஸ்விட்சை அணைத்தார்.

லேத் பட்டறைக்காரர் அந்தப் பிளைவுட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"குத்துமதிப்பா அறுத்தா இப்படித்தாங்க ஆடும். அச்சுக்கு முழுசா ஒண்ணு கொண்டாங்க, அரை நாள்ல அறுத்துத் தரேன்."

"எங்க போய்க் கொண்டாருவேன்?"

"ரெண்டு கோழிதானே வாங்குனீங்க? இன்னொண்ணு உங்க மாப்பிள்ளைகிட்ட இருக்குமே."

"அங்க வேணாம்."

"அப்ப நீங்களே பெட்டிக்குள்ள உக்காந்து கொக்கரிங்க" என்று சொல்லிவிட்டுப் பட்டறைக்காரர் தன் வேலையைப் பார்க்கத் திரும்பிக்கொண்டார். அவருக்கு விஷயம் முழுதாகத் தெரியாது. யாருக்கும் தெரியாது என்றே கோழிக்காரர் நினைத்திருந்தார்.

மாப்பிள்ளை என்றது கோழிக்காரரின் ஒரே தங்கச்சியின் புருஷனை. கூடத்தை இருவரும் சேர்ந்துதான் தொடங்கினார்கள். மாப்பிள்ளை லைசென்ஸ் வாங்கிய எலக்ட்ரீஷியன். வயர் இழுத்தால் நூல் பிடித்ததுபோல் இருக்கும், ஒரு திருகைக்கூட இரண்டு முறை சோதிக்காமல் விடமாட்டார். இரண்டு கோழிகளையும் வாங்கி வாசலின் இரண்டு பக்கமும் நிறுத்தினார்கள். அந்த வருஷம் விடுமுறை தொடங்கிய நாளில் வலதுபக்கக் கோழி கொஞ்சம் தகராறு செய்தது. மாப்பிள்ளை வேறு வேலையாக வெளியே போயிருந்தார். வாசலில் கூட்டம் நெரிந்தது. கோழிக்காரரே பின்கதவைத் திறந்து, கைக்கு இடைஞ்சலாக இருந்த எர்த் வயரை, கசிகிற கரண்டைத் தரைக்கு இறக்குகிற அந்தப் பச்சை வயரை, கழற்றிவிட்டு, கோளாறைச் சரிசெய்தார். வயரைப் பிறகு மாட்டிக்கொள்ளலாம் என்று நினைத்தார். பிறகு அடியோடு மறந்துபோனார்.

நாலாம் நாள், ஐஸ் தின்ற ஈரக் கையோடு எட்டு வயசுப் பெண் ஒருத்தி காசு போட வந்தாள். கரண்ட் தூக்கி எறிந்தது. உயிர் பிழைத்தாள், ஆனால் வலது கையில் இரண்டு விரல் அப்புறம் மடங்கவே இல்லை.

விசாரிக்க வந்த அதிகாரி, "வயரிங் யாரு?" என்று கேட்டார். கோழிக்காரரின் வாய் தானாகச் சொன்னது: "மாப்பிள்ளைதாங்க. எல்லாம் அவர்தான் பார்க்கிறார்."

மாப்பிள்ளை திரும்பி அவரைப் பார்த்தார். மச்சான் இன்னும் ஏதோ சொல்லப்போகிறார் என்பதுபோலக் கொஞ்ச நேரம் காத்திருந்தார். பிறகு நீட்டிய காகிதத்தில் கையெழுத்துப் போட்டார். லைசென்ஸ் போனது. மாசம் முடிவதற்குள் புருஷனும் பெண்டாட்டியும் தங்கள் பங்குக்கு ஒரு கோழியை மட்டும் வண்டியில் ஏற்றிக்கொண்டு வேறு ஊருக்குப் போய்விட்டார்கள். வலதுபக்கக் கோழி. பிள்ளையைத் தூக்கி எறிந்த அதே கோழி. அதை ஏன் எடுத்துப்போனார்கள் என்று கோழிக்காரருக்கு விளங்கவில்லை. விளங்கிக்கொள்ள அவர் முயலவும் இல்லை. இருபத்திரண்டு வருஷம் ஓடிப்போனது.

சக்கரத்துக்கு வேறு வழியில்லாமல் கோழிக்காரர் கிளம்பினார். பஸ்ஸில் இரண்டு மணி நேரம். ஓட்டு வீடு, இரும்புக் கேட். தங்கச்சிதான் திறந்தாள். தலை பாதிக்குமேல் நரைத்திருந்தது.

"வாங்க" என்றாள். வாய் பேசப் பழகிய நாளிலிருந்து 'வா, போ' என்று பேசியவள். அண்ணே என்ற சொல்லை முன்னாலும் சேர்க்கவில்லை, பின்னாலும் சேர்க்கவில்லை.

மாப்பிள்ளை உள்ளேயிருந்து ஓடிவந்தார். "வாங்க மச்சான், வெயில்ல வந்திருக்கீங்க, உக்காருங்க" என்று மின்விசிறியை இவர் பக்கம் திருப்பி வைத்தார். பல்பு விற்கிற ஒரு கடையில் அவர் சாமான் எடுத்துக் கொடுக்கிற ஆளாக இருந்தார். அவர் அறுபதைத் தாண்டியும் ஏணியில் ஏறி இறங்குவதைத் தங்கச்சி தண்ணீர் கொண்டுவந்து வைத்தபடியே சொன்னாள், புகாராக இல்லாமல் தகவல் சொல்வதுபோல.

வந்த காரியத்தைக் கோழிக்காரர் சொன்னார். சொல்லச் சொல்ல, கேட்கிற தனக்கே அது அற்பமாகப் பட்டது.

"அவ்வளவுதானே? வாங்க" என்றார் மாப்பிள்ளை.

பின்னறையில் கோழி நின்றது. கண்ணாடியில் ஒரு கீறல் இல்லை. இறகு எல்லாம் புதிதாக ஒட்டியிருந்தது. மாப்பிள்ளை காசு போட்டார். கோழி கழுத்தைத் தூக்கி, சுற்றி, முறைத்து, உட்கார்ந்து, ஒரு முட்டையை உருட்டிவிட்டது. ஒரு கிறீச் சத்தம் இல்லை. "தெருப் பிள்ளைங்க சாயங்காலம் வரும். காசு வாங்கறதில்ல. திருப்பிக் குடுத்துடுவேன்" என்றார்.

பின்கதவைத் திறந்தபோது கோழிக்காரர் சக்கரத்தைப் பார்க்கவில்லை. பச்சை வயரைத்தான் பார்த்தார். எர்த் வயர், விரல் தடிமன். ஓரிடத்தில் மாட்டினால் போதும். அங்கே மூன்று இடத்தில் திருகி, ஒவ்வொரு திருகுக்கும் மேலே சிவப்புப் பெயின்ட் பொட்டு வைத்திருந்தது.

மாப்பிள்ளை ஸ்க்ரூடிரைவரை எடுத்தார். தங்கச்சி வாசற்படியில் வந்து நின்றாள்.

"ஒரு நிமிஷம். கழட்டறதுக்கு முன்னாடி அவர் ஒண்ணு சொல்லட்டும்."

"விடேன்" என்றார் மாப்பிள்ளை.

"நீங்க சும்மா இருங்க. இருபத்திரண்டு வருஷம் சும்மா இருந்தீங்கல்ல, இன்னும் அஞ்சு நிமிஷம் இருங்க." அவள் கோழிக்காரரை நேராகப் பார்த்தாள். "அந்த வயரைக் கழட்டினது யாரு? இவர் முன்னாடி சொல்லுங்க. சொல்லிட்டு எடுத்துட்டுப் போங்க."

இரண்டு சொல் போதும்: நான்தான் கழட்டினேன். பஸ்ஸில் வரும்போது கோழிக்காரர் இதைவிடப் பெரிய பேச்செல்லாம் மனசுக்குள் பேசிப் பார்த்திருந்தார். இப்போது மாப்பிள்ளையின் முகத்தைப் பார்த்தார். அன்றைக்கு அதிகாரி முன்னால் நின்றதுபோலவே அந்த ஆள் காத்துக்கொண்டிருந்தார்.

"பழைய கதையெல்லாம் இப்ப எதுக்கு?" என்றார் கோழிக்காரர். குரல் யாருடையதோபோல இருந்தது. "நடந்தது நடந்துபோச்சு."

தங்கச்சி உள்ளே போய்விட்டாள். பாத்திரம் வைக்கிற சத்தம்கூடக் கேட்கவில்லை. மாப்பிள்ளை குனிந்து, ஒவ்வொரு திருகாகக் கழற்றி, சக்கரத்தை எடுத்துத் துணியால் துடைத்து, செய்தித்தாளில் சுற்றி, நூல் போட்டுக் கட்டிக் கொடுத்தார்.

"ஓரம் இடிபடாம பார்த்துக்குங்க மச்சான். அச்சு எடுத்ததும் கொண்டாந்துடுங்க."

"பத்து நாள்" என்றார் கோழிக்காரர்.

பட்டறைக்காரர் சொன்ன வாக்குப்படி அரை நாளில் அறுத்துக் கொடுத்தார். புதுச் சக்கரத்தை மாட்டியதும் கோழி ஒரு பிசகில்லாமல் ஆடியது. மாடியில் மறுபடி கூட்டம் ஏறியது. சிசேரியன் என்று கேலி செய்த பெண்கூட வந்து, "சுகப் பிரசவம் ஆயிடுச்சா?" என்று கேட்டுவிட்டுப் போனாள். கோழிக்காரர் எல்லோரோடும் சிரித்தார். ஆனால் கோழி சுற்றிவந்து முறைக்கிற அந்த ஒரு கணத்தில் மட்டும் கண்ணை வேறு பக்கம் திருப்பிக்கொண்டார்.

ராத்தூக்கம் போய்விட்டது. சொல்லியிருக்கலாம். இரண்டு சொல். ஒன்பதாம் நாள் காலையில் ஒரு முடிவுக்கு வந்து, பழைய சக்கரத்தை அதே செய்தித்தாளில் சுற்றி எடுத்துக்கொண்டு பஸ் ஏறினார்.

இந்த முறை தங்கச்சி கேட்டைத் திறக்கவில்லை. கம்பிக்கு அந்தப் பக்கம் நின்றபடியே பொட்டலத்தைப் பார்த்தாள்.

"அது எதுக்கு இனிமே? ஓடாத கோழியை வச்சுட்டு என்ன பண்றது? பழைய இரும்புக்காரன் வந்தான், ஏத்தி விட்டுட்டேன்."

"பத்து நாள்ல தரேன்னு சொன்னேனே" என்றார் கோழிக்காரர். முகத்தில் ஈயாடவில்லை.

"நீங்க சொன்னதை நம்பி உக்காந்திருக்க ஒருத்தர் போதும் இந்த வீட்டுல."

கோழிக்காரர் கேட் கம்பியைப் பிடித்துக்கொண்டார். தெருவில் ஆள் நடமாட்டம் இருந்தது. அதையும் பொருட்படுத்தாமல் சொன்னார்: "நான்தான் கழட்டினேன். நான்தான் மாட்ட மறந்தேன். தெரிஞ்சேதான் அவர் பேரைச் சொன்னேன்."

அவள் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை.

"அது எங்களுக்குத் தெரியுமே. அன்னைக்கு ராத்திரியே தெரியும். வயரைக் கழட்டி எந்தப் பக்கம் மடக்கி வச்சிருக்குன்னு பார்த்தே இவர் சொல்லிட்டார், இது உன் அண்ணன் கைன்னு. நீங்களா சொல்வீங்கன்னு இருந்தார். மெஷினை ஏன் கொண்டாந்தார் தெரியுமா? இன்னொரு பிள்ளை அதைத் தொட்டு எதுவும் ஆயிடக்கூடாதுன்னு."

"மன்னிச்சுடும்மா."

"போன வாரம் சொல்லியிருந்தீங்கன்னா, சக்கரம் கிடைக்குமோ கிடைக்காதோன்னு பயந்துட்டே சொல்லியிருப்பீங்க. அதுக்கு ஒரு மதிப்பு இருந்திருக்கும். இப்ப கையில கோழி ஓடுது, மனசு மட்டும்தான் ஓடலை. அதைச் சரிபண்ணிக்க வந்திருக்கீங்க. உங்க நிம்மதிக்கு நான் எதுக்குக் கதவைத் திறக்கணும்?"

அவள் உள்ளே போனாள். கோழிக்காரர் கேட்டுக்கு வெளியே எவ்வளவு நேரம் நின்றாரோ, அவருக்கே தெரியாது. பஸ் நிறுத்தத்துக்கு நடக்கத் தொடங்கியபோது பின்னால் செருப்புச் சத்தம் கேட்டது. மாப்பிள்ளை வந்துகொண்டிருந்தார். சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே வேகமாக வந்து, பக்கத்தில் சேர்ந்து நடந்தார். நிறுத்தத்தில் நிழல் ஒருவருக்குத்தான் இருந்தது. மாப்பிள்ளை அவரை அதில் நிற்கவைத்துவிட்டு வெயிலில் நின்றார்.

இந்த மனுஷனாவது மன்னித்துவிட்டார் என்று கோழிக்காரர் நினைத்தார்.

"மாப்பிள்ளை, நான்..."

"கேட்டுச்சு மச்சான். உள்ளதான் இருந்தேன்." மாப்பிள்ளை சாலையைப் பார்த்துக்கொண்டே பேசினார். "எனக்குக் கோவமே இல்லைன்னு நினைச்சுடாதீங்க. நிறைய இருந்துச்சு. இப்ப அதைத் தூக்கிச் சுமக்கத் தெம்பில்லை, அவ்வளவுதான். கோழியை ஏத்தும்போது நான் தடுக்கலை. தடுத்திருக்கலாம்."

தூரத்தில் பஸ் தெரிந்தது. மாப்பிள்ளை கையைக் காட்டி நிறுத்தினார்.

"இனிமே வராதீங்க மச்சான். போன தடவை நீங்க வந்துட்டுப் போனப்புறம் அவ ரெண்டு நாள் சாப்பிடலை."

படியில் ஏறக் கோழிக்காரரின் முழங்கையைப் பிடித்துவிட்டார். செய்தித்தாள் பொட்டலத்தை வாங்கி, அவர் ஏறியதும் ஜன்னல் வழியாக மடியில் வைத்தார். பஸ் நகர்ந்தது. கோழிக்காரர் திரும்பிப் பார்த்தபோது மாப்பிள்ளை ஏற்கனவே வீட்டுப் பக்கம் பாதி தூரம் போயிருந்தார். நடத்துனர் வந்து எங்கே போகணும் என்று இரண்டு முறை கேட்டார்.