சைலோவுக்குள் மாப்பிள்ளை

மாப்பிள்ளை கவிழ்ந்துவிட்டார்.

திரையில் முதலில் சாம்பல் தரை தெரிந்தது, பிறகு சுவர், பிறகு அந்தச் சுவரே தலைகீழானது. சைலோவின் உச்சியில் நின்றபடி, கையிலிருந்த ரிமோட்டின் குச்சிகளை அவள் மாற்றி மாற்றித் தள்ளிப் பார்த்தாள். உள்ளே சங்கிலிச் சக்கரங்கள் காற்றில் சுழலும் சத்தம் மட்டும் கேட்டது.

சைலோ என்பது சிமெண்ட் தூளைக் கொட்டி வைக்கும் பெரிய கான்கிரீட் உருளை. கூரை ஒழுகினால் உள்ளே தூள் இறுகிப் பாறையாகிவிடும். கீழ்வாயைத் திறந்தாலும் இறங்காது. முன்பெல்லாம் இடுப்பில் கயிறு கட்டி, மேலிருந்து ஆளை இறக்கிக் கடப்பாரையால் உடைக்கச் சொல்வார்கள். அப்படி இறங்கிக்கொண்டிருந்தவன் அவள் தம்பி. ஒருமுறை மார்பு வரை புதைந்து, உயிரோடு வெளியே வந்தான். அதன்பிறகுதான் அவள் மேலிடத்தோடு மல்லுக்கட்டி, சுத்தியல் கை வைத்த இந்த ரோபோவை வாங்க வைத்தாள்.

வந்த நாளே அதற்குத் தனி அறை, ஏ.சி., தூக்கிச் சுமக்க ஆட்கள்.

"எங்க அக்கா புருஷனுக்குக்கூட இவ்வளவு உபசாரம் நடக்கல" என்றான் தம்பி. மாப்பிள்ளை என்ற பெயர் அன்றே ஒட்டிக்கொண்டது.

அவள் திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் கேட்டாள்.

"கேபிளை நீதானே கட்டுன?"

"ஆமாக்கா. நல்லா இறுக்கி."

"தொய்வு விட்டியா?"

தம்பி கைப்பிடிக் கம்பியைப் பார்த்தான். மாப்பிள்ளைக்குக் கரண்ட் கொண்டுபோகும் கேபிள் அதில் வீணைத் தந்தி போல விறைத்திருந்தது; அவரைத் தூக்கும் பலம் அதற்கில்லை. ஆளை இறக்கும்போது தொய்வு விடக் கூடாது. கால் வழுக்கினால் விழும் தூரம் கூடிவிடும். அவன் கைக்குத் தெரிந்த பாடம் அதுதான். மாப்பிள்ளையோ ஊர்ந்து போகிறவர். அவர் முன்னே நகர, கேபிள் பின்னே இழுக்க, மல்லாந்துவிட்டார்.

"மனுஷனுக்குக் கட்டுற மாதிரியே கட்டிட்டேன்க்கா."

மேனேஜர் மூச்சு வாங்க ஏணியேறி வந்தார். திரையைப் பார்த்தார். தலையில் கை வைத்தார்.

"இது போச்சுன்னா இன்னொண்ணு தர மாட்டாங்கம்மா. பழையபடி ஆளை இறக்குன்னுதான் சொல்வாங்க."

"நீங்க என்ன சார் சொல்வீங்க?"

"நான் என்னத்தைச் சொல்றது. கேட்டதைக் கீழ சொல்றவன்தானே நான்."

பேச்சு முடிவதற்குள் தம்பி இடுப்புப் பட்டையை மாட்டியிருந்தான்.

"நிமித்தி விட்டுட்டு வந்துடறேன். மேல கெட்டியாத்தான் இருக்கு."

"நீ இறங்கக் கூடாதுன்னுதான்டா அதை வாங்கினேன். அதைக் காப்பாத்த நீ இறங்குறியா?"

"கவுத்தது நான்தானே."

அவள் அவன் பட்டையைக் கொத்தாகப் பிடித்துக்கொண்டாள். மேனேஜர் குறுக்கே வரவில்லை. அதுதான் அவளுக்குப் பயமாக இருந்தது.

பக்கத்துக் கூரையில் ட்ரோன்காரர் ஒழுகும் இடத்தைப் படம் எடுத்துக்கொண்டிருந்தார். போன வாரம் வயலில் மருந்து தெளித்தவர். அதற்கு முன் பாலத்துக்கு அடியில் விரிசல் தேடியவர்.

"அண்ணே, உங்க பறவை உள்ள இறங்குமா?"

"கூண்டு மாட்டுனா இறங்கும். சுவத்துல முட்டுனாலும் அழாது."

கூண்டுக்குள் இருந்த ட்ரோன், விளக்கைப் போட்டுக்கொண்டு மெல்ல இறங்கியது. மாப்பிள்ளை சக்கரங்கள் மேலே தெரியக் கிடந்தார். அவருக்குப் பக்கத்தில் ஒரு விரிசல். ட்ரோன்காரர் விளக்கை நேராக அதற்குள் பாய்ச்சினார்.

வெளிச்சம் போய்க்கொண்டே இருந்தது. எதிலும் படவில்லை.

கீழிருந்த தூள் என்றைக்கோ இறங்கிப் போயிருந்தது. மேலோடு மட்டும் சுவரைப் பற்றிக்கொண்டு முட்டை ஓடு போல நின்றது. தம்பி கெட்டி என்று சொன்ன தரை அதுதான்.

தம்பி தானாகவே பட்டையைக் கழற்றினான்.

"அப்படியே கிடக்கட்டும்மா. நாளைக்கு யோசிப்போம்" என்றார் மேனேஜர்.

அவள் யோசித்துவிட்டாள். அந்த இயந்திரம் அங்கே கிடக்கும்வரை, அதை எடுக்க யாராவது பட்டை மாட்டுவார்கள். இவன் இல்லாவிட்டால் இன்னொருத்தியின் தம்பி.

"அண்ணே, படம் பதிவாகியிருக்கா?"

"முழுசா."

"பறவையை மேல எடுத்துடுங்க."

கவிழ்ந்தாலும் மாப்பிள்ளையின் சுத்தியல் கைக்கு ஒன்றும் ஆகியிருக்கவில்லை. அவள் அதைப் பக்கவாட்டில் திருப்பி, விரிசலின் விளிம்பில் வைத்தாள்.

"அம்மா, என்ன பண்றீங்க?"

"அவர் வந்த வேலையை முடிக்கச் சொல்றேன் சார்."

சிவப்புப் பொத்தானை அழுத்தினாள். சுத்தியல் அடித்தது. மறுபடி அடித்தது. பிறகு சைலோவே பெருமூச்சு விட்டது போல ஒரு சத்தம். சுவரில் ஒட்டியிருந்ததெல்லாம் சரிந்தது. கேபிள் ஒரு கணம் முறுகி நின்று, அறுந்தது. திரை கறுத்தது. சைலோவின் மேல்வாயிலிருந்து எழுந்த தூசியில் நால்வரும் முகம் திருப்பிக்கொண்டார்கள்.

தூசி அடங்கிய பிறகு மேனேஜர் ஈனக் குரலில் கேட்டார்.

"மேலிடத்துக்கு நான் என்ன பதில் சொல்ல?"

"நீங்க ஒண்ணும் சொல்ல வேணாம் சார். உடைச்சது நான், என் வேலை போனா போகட்டும். படத்தை நானே கொண்டுபோய்க் காட்டுறேன். மாப்பிள்ளை படுத்திருந்த இடத்துல அடுத்து யாரை நிறுத்தணும்னு அவங்களே பேர் சொல்லட்டும்."

மேனேஜர் முகத்தில் படிந்த தூசியைத் துடைத்தார். பிறகு, "நானும் கூட வரேன்" என்றார்.

தம்பி கம்பியருகே குந்தியிருந்தான். அறுந்துபோன கேபிளின் மிச்சம் அதில் தொங்கியது. அவன் போட்ட முடிச்சு மட்டும் இம்மியும் நெகிழாமல் அப்படியே இருந்தது. அவிழ்க்கப் பார்த்தான். நகம்கூட உள்ளே போகவில்லை.

அவள் பக்கத்தில் உட்கார்ந்து மறுமுனையைப் பிடித்துக்கொண்டாள்.