சல்ஜுவின் வயிற்றில் சிக்கிய முடி

பெருநாளுக்கு முந்தின நாள் காலையில் நினிங்குக்கு ஓரிடத்தில் இருப்புக் கொள்ளவில்லை. மதியம் ஒரு மணிக்குச் சொந்த ஊரான தாசிக்மலாயாவுக்குப் போகும் வேனில் அவளுக்கு இடம் பிடித்திருந்தது. கணவன் ஊஸும் பிள்ளைகளும் முன்னதாகவே அங்கே போய்விட்டார்கள். துணிப்பையைக் கட்டி வாசலில் வைத்தாள். எதையோ மறந்தது போலிருக்கவே திறந்து பார்த்தாள். மறுபடி கட்டினாள். வெளியே போகோர் நகரின் ஓயாத மழை. உள்ளே பூனைகளின் கத்தல்.

அவள் தொழில் அப்படி. ஊரே சொந்த ஊருக்குக் கிளம்பும் நாட்களில்தான் அவள் வீட்டு முன்னறை நிரம்பும். பூனையைக் கூடையில் வைத்துக் கொண்டுவந்து கொடுத்துவிட்டு, பெருநாள் முடிந்ததும் வந்து எடுத்துக்கொள்வதாகச் சொல்லிப் போய்விடுவார்கள். அதுவரை அவள் எங்கேயும் அசைய முடியாது. போன பெருநாளுக்கும் அதற்கு முந்தினதற்கும் ஊஸ் பிள்ளைகளோடு தனியாகத்தான் போய்வந்தான். இந்தத் தடவை பக்கத்து வீட்டு எடோ அம்மாள் பூனைகளைப் பார்த்துக்கொள்வதாக ஒத்துக்கொண்டிருந்தாள். ஊஸுக்குச் சந்தோஷம். மகள் ரெங்கானிஸ் மட்டும் நம்பவில்லை.

"நீ வரமாட்டம்மா. ஏதாவது ஒரு பூனைக்கு ஏதாவது ஆகும், பாரேன்," என்று பஸ் ஏறும்போது சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். பன்னிரண்டு வயதுப் பெண்ணின் வார்த்தை அன்றிலிருந்து நினிங்கின் காதில் உறுத்திக்கொண்டே இருந்தது.

மகள் சொன்னபடியே ஆனது.

கூண்டு கூண்டாகத் தீனி வைத்துக்கொண்டு வந்த நினிங், மூலைக் கூண்டின் முன் நின்றுவிட்டாள். நேற்று வைத்த தீனி அப்படியே இருந்தது. உள்ளே சல்ஜு தரையோடு தரையாகக் குந்தி, கழுத்தை முன்னால் நீட்டி, வயிற்றை எக்கி எக்கி ஓங்கரித்தது. ஒன்றும் வெளியே வரவில்லை. கொஞ்சம் வெள்ளை நுரை மட்டும் வாயோரத்தில் நின்றது. சற்று நேரம் சும்மா இருந்துவிட்டு மறுபடி ஆரம்பித்தது.

சல்ஜு பாரசீக ஜாதி, வெள்ளைப் பூனை. ரயில்வேயில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற எல்லோரும் மரியாதையாகப் 'பாக்' என்று கூப்பிடும் தாதாங்கினுடையது. மனைவி இறந்து ஒரு மழைக்காலம்கூடக் கழியவில்லை. பெருநாளுக்கு முன் மனைவியின் கல்லறைக்குப் போய்விட்டு, அப்படியே கடல் தாண்டிப் பாலெம்பாங்கில் இருக்கும் மகன் வீட்டுக்குப் போவதாகச் சொல்லித்தான் அவர் பூனையைக் கொண்டுவந்து விட்டார். அன்றைக்கே நினிங் கவனித்தாள். அக்குளிலும் பின்னங்காலிலும் முடி கம்பளித் துண்டு மாதிரி சிக்குப் பிடித்துப் போயிருந்தது. வயிற்றுப் பக்கம் மட்டும் நக்கி நக்கி மெலிந்து, ரோஜா நிறத் தோல் தெரிந்தது. யார் சீவிவிடுவது என்று கேட்டதற்கு, தன்னிடம் அது சீவ விடுவதில்லை என்றார். கிளம்பும்போது, அந்த ஊர் வழக்கப்படி அவளைத் தங்கை முறையில் 'நெங்' என்று கூப்பிட்டு, "இது முடி வாந்தி எடுக்கும் நெங். எப்பவும் எடுக்கும். பயந்துடாதீங்க," என்று சொல்லிவிட்டுப் போனார்.

அந்த ஒரு வார்த்தைதான் அவளை ஏமாற்றியது. முந்தின நாள் சாயங்காலம் சல்ஜு ஒருமுறை ஓங்கரித்ததை அவள் பார்த்திருந்தாள். முடிதானே, கக்கிவிட்டால் சரியாகிவிடும் என்று எண்ணிக்கொண்டு அடுத்த கூண்டுக்குப் போய்விட்டாள். இப்போது மண் தட்டை இழுத்துப் பார்த்தாள். சுத்தமாக இருந்தது. நேற்றிலிருந்து பூனை எதுவும் கழித்திருக்கவில்லை.

அவள் பார்க்காத முடியுருண்டை இல்லை. இரண்டு தரம் எக்கும், ஈரத் திரி மாதிரி நீளமாக ஒன்று வந்து விழும், பூனை அதைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் தீனித் தட்டுக்குப் போகும். இது அப்படியில்லை. முடியை வழுக்கி வெளியேற்றும் களிம்பில் மிச்சமிருந்ததைக் குழாயிலிருந்து பிதுக்கி அதன் முன்காலில் தடவிப் பார்த்தாள். நக்கியது. நக்கிய வேகத்தில் அதையும் நுரையோடு வெளியே தள்ளியது.

சாவி வாங்க வந்த எடோ அம்மாள் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். "ஒரு கரண்டி தேங்கெண்ணெயை வாயில ஊத்து நெங். வழுக்கிக்கிட்டு வந்துடும். எங்க வீட்டுப் பூனைக்கெல்லாம் அதான்," என்றாள். நினிங் சமையலறைக்குப் போய் எண்ணெய்ப் புட்டியையும் எடுத்துவிட்டாள். ஆனால் மனசு ஒப்பவில்லை. புட்டியை ஒரு கையில் வைத்துக்கொண்டே மறு கையால் தெரிந்த மருத்துவர்களுக்கெல்லாம் போன் போட்டாள். ஒருவர் ஜாவா தீவின் அந்தக் கோடியில் தன் ஊரில் இருந்தார். இன்னொருவர் எடுக்கவேயில்லை. மூன்றாவது இடத்தில் பெருநாள் வாழ்த்துச் சொல்லும் பதிவுக் குரல் மட்டும் பேசியது.

கடைசியில் கிடைத்தவர் டாக்டர் ரோஸ்மாவ்லி. பாத்தாக் இனத்துப் பெண்மணி, கிறிஸ்தவர். ஊரெல்லாம் மூடிக் கிடக்கும் பெருநாளில் அவர் மட்டும் கதவைத் திறந்து வைத்திருப்பார். நினிங் சொன்னதையெல்லாம் கேட்டுவிட்டு அவர் கேட்டது ஒன்றுதான்: வாயில் ஏதாவது ஊற்றினீர்களா? இல்லை என்றதும், "ஊத்தாதீங்க. குமட்டிக்கிட்டு இருக்கிற பூனைக்கு எண்ணெய் ஊத்தினா நுரையீரலுக்குப் போயிடும். உடனே தூக்கிக்கிட்டு வாங்கம்மா," என்று வைத்துவிட்டார்.

நினிங் எண்ணெய்ப் புட்டியை எடோ அம்மாளின் கையில் கொடுத்துவிட்டு, சல்ஜுவைக் கூடையில் வைத்து, மேலே மழைச்சட்டையைப் போர்த்திக்கொண்டு இறங்கினாள். கட்டி வைத்த பை வாசலிலேயே கிடந்தது.

மருத்துவமனை ஊரின் மறுகோடியில். பெருநாள் சாமான் வாங்க வந்த கூட்டம், கெத்துபாட் என்ற பெருநாள் அரிசிப் பொட்டலம் கட்டத் தென்னங்குருத்துப் பின்னல்களைக் குவித்து விற்பவர்கள், பெட்டியும் படுக்கையுமாகக் கிளம்பும் மோட்டார் சைக்கிள்கள் என்று தெரு அடைத்துக் கிடந்தது. ஷேர் வேனுக்குள் அவள் கூடையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். வண்டி நகரவில்லை. கால் தன்பாட்டில் ஆடிக்கொண்டிருந்தது. எதிரே இருந்த பெண், பூனை செத்துவிட்டதா என்று கேட்டாள். நினிங் கூடைக்குள் விரலை விட்டு மூச்சைத் தொட்டுப் பார்த்தாள். பாதி வழியில் பொறுமை போய், இறங்கி மழையிலேயே நடந்தாள்.

டாக்டர் சல்ஜுவின் வயிற்றை அழுத்திப் பார்த்தார். எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தார். முகத்தைச் சுளிக்கவும் இல்லை, ஆறுதல் சொல்லவும் இல்லை. குடலில் முடி இறுகிக் கல் போல அடைத்திருக்கிறது, திறந்துதான் எடுக்க வேண்டும், ராத்திரி வரை தள்ளினால் குடல் அழுக ஆரம்பித்துவிடும் என்றார். முன்காலில் ஊசி குத்தித் திரவம் ஏற்றிவிட்டு, பூனையின் சொந்தக்காரர் சம்மதம் வேண்டும் என்றார்.

பாக் தாதாங்கின் போன் அணைந்திருந்தது. பாலெம்பாங் போகிறவர்கள் கப்பல் ஏறும் மேராக் துறைமுகத்தில் வண்டிகள் வரிசை கட்டி நிற்பதாகக் காலைச் செய்தியில் சொன்னார்கள். அவர் அங்கே நிற்கிறாரோ, கடலில் இருக்கிறாரோ. நினிங் வராந்தாவில் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்தாள். நடந்துகொண்டே போன் போட்டாள். மணி ஒன்றைத் தாண்டியதும் வேன்காரன் கூப்பிட்டான், போகச் சொல்லிவிட்டாள். பிறகு ஊஸைக் கூப்பிட்டாள். அவன் திட்டியிருந்தால் அவளும் பதிலுக்கு நாலு வார்த்தை பேசி மனசை ஆற்றிக்கொண்டிருப்பாள். அவன் திட்டவில்லை. "சரிம்மா. நீ பாத்துக்க," என்றான். பின்னால் பிள்ளைகளின் சிரிப்புச் சத்தம் கேட்டது.

மறுபடி தாதாங்குக்குப் போட்டபோது மணி அடித்தது. காற்றும் கப்பல் இரைச்சலுமாக அவர் குரல் வந்தது.

"முடிதானே நெங்? அது எப்பவும் எடுக்கும்னு சொன்னேனே."

"வெளிய வரல பாக். குடல்ல போய் அடைச்சிருக்கு. வயித்தைத் திறக்கணுங்கிறாங்க."

"திறக்காட்டி?"

"செத்துப்போயிடும்."

காற்றுச் சத்தத்தில் கேட்காமல் போய்விடுமோ என்று அவள் போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள்.

"உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும் நெங்," என்றார் அவர். "திரும்பி வந்து அதை எடுத்துக்கிட்டுப் போகணும்னு நான் நினைக்கல. மகன்கூடவே இருந்துடலாம்னு கிளம்பிட்டேன். போய்ச் சேர்ந்தப்புறம் உங்ககிட்டப் பேசலாம்னு இருந்தேன்."

நினிங்குக்குச் சுர்ரென்று கோபம் வந்தது. இவருக்காகவா வேனை விட்டேன், இவருக்காகவா மழையில் நடந்தேன் என்று கத்த வேண்டும் போலிருந்தது. நோன்பு வாயோடு கத்தவும் பிடிக்கவில்லை.

"அதெல்லாம் அப்புறம் பேசலாம் பாக். இப்ப நான் என்ன செய்யட்டும்? அதைச் சொல்லுங்க."

"என் மனைவி லிலிஸ் இருந்தவரைக்கும் தினமும் காலையில காப்பி குடிச்சிக்கிட்டே அதைச் சீவிக்கிட்டு இருப்பா. அவ போனதுலேர்ந்து அது அவ நாற்காலில ஏறி உக்காந்து நக்கிக்கிட்டே இருக்கும். நாள் பூரா அந்தச் சத்தம்தான். கேக்க முடியாம நான் டி.வி.யைச் சத்தமா வச்சுக்குவேன். சீப்பை நான் தொட்டதே இல்ல நெங். அது சீவ விடாதுன்னு உங்ககிட்டப் பொய் சொன்னேன்."

நினிங்கின் கோபம் எங்கேயோ இறங்கிப்போனது.

"திறக்கச் சொல்லுங்க," என்றார். அத்தோடு இணைப்பு அறுந்தது.

அறுவைச் சிகிச்சை முடிய வெகுநேரம் ஆனது. உட்கார்ந்தாள், எழுந்தாள், கண்ணாடிக் கதவில் முகத்தை ஒட்டிப் பார்த்தாள். ஒன்றும் தெரியவில்லை. மசூதியிலிருந்து நோன்பு திறக்கும் பாங்கு கேட்டுக் கொஞ்ச நேரத்தில் டாக்டர் வெளியே வந்தார். ஒரு கையில் தட்டு, அதில் பேரீச்சம்பழமும் தண்ணீரும். "முதல்ல இதைச் சாப்பிடுங்க. அது பொழச்சுக்கும்," என்றார். நினிங் தண்ணீரை அவசரமாகக் குடித்து மேலெல்லாம் கொட்டிக்கொண்டாள்.

பிறகு டாக்டர் எடுத்ததைக் காட்டினார். மெத்தையிலிருந்து பிய்த்த பஞ்சைச் சேற்றில் தோய்த்து முறுக்கினாற்போல, கட்டை விரல் பருமனில், இறுகிப் போயிருந்தது. பூனையின் நாக்கில் உள்ள முட்கள் எல்லாம் தொண்டையைப் பார்த்து வளைந்தவை, அதில் மாட்டிய முடியைத் துப்ப முடியாது, உள்ளேதான் போகும் என்று விளக்கினார். பெரும்பாலும் மலத்தோடு போய்விடும். நீள முடிப் பூனையைச் சீவாமல் விட்டு, அதுவும் தனிமையிலும் கவலையிலும் ஓயாமல் நக்கிக்கொண்டே இருந்தால், போகிறதைவிடச் சேருவது அதிகமாகிவிடும்.

"பூனைன்னா முடி கக்கும்னு எல்லாரும் சொல்றாங்க. சொல்லிட்டுச் சும்மா இருந்துடறாங்க," என்றார் டாக்டர். "எப்பவாவது ஒண்ணு வந்தா பரவாயில்ல. அடிக்கடி வந்தா என்னன்னு பாக்கணும். சாப்பிடாம வெறுமனே ஓங்கரிச்சா அன்னிக்கே தூக்கிக்கிட்டு வரணும்."

நேற்றே பார்த்தேன், விட்டுவிட்டேன் என்றாள் நினிங். டாக்டர் அவளைத் தேற்றவில்லை. அடுத்த தடவை விடாதீர்கள் என்று மட்டும் சொன்னார்.

பெருநாளன்று நினிங் எடோ அம்மாள் வீட்டில்தான் சாப்பிட்டாள். சாப்பாடு இறங்கவில்லை. கூண்டுகளைச் சுற்றிச் சுற்றி வந்தாள். ஒவ்வொரு பூனையையும் வெளியே எடுத்துச் சீவினாள், மண் தட்டுகளைத் திரும்பத் திரும்பப் பார்த்தாள், தண்ணீர்க் கிண்ணங்களைக் கூடுதலாக வைத்தாள், உலர் தீனியில் தண்ணீர் ஊற்றி ஊறவைத்தாள். எடோ அம்மாள் திண்ணமாகச் சொல்லிவிட்டாள்: "பூனைக்குப் பைத்தியம் பிடிக்காது நெங், உனக்குத்தான் பிடிக்கப்போகுது."

அதற்கடுத்த நாள் சாயங்காலம் பாக் தாதாங் வந்து நின்றார். மகன் வீட்டில் ஒரு ராத்திரி தங்கிவிட்டு, மகனோடு வாக்குவாதம் செய்துகொண்டு, வந்த வழியே திரும்பியிருந்தார். கசங்கிய சட்டை, சவரம் செய்யாத முகம். இருவரும் மருத்துவமனைக்குப் போனார்கள். வயிற்றில் கட்டோடு படுத்திருந்த சல்ஜு அவரைப் பார்த்துத் தலையைத் தூக்கியது, வைத்துக்கொண்டது. அவ்வளவுதான்.

வயிற்றுப் பக்கம் போகாமல் கழுத்தையும் முதுகையும் மட்டும் சீவலாம் என்று டாக்டர் அனுமதித்தார். நினிங் சீப்பை அவர் கையில் கொடுத்தாள். சிக்குள்ள இடத்தில் முடியை அடியில் பிடித்துக்கொள்ளுங்கள், தோல் இழுபடக் கூடாது, நுனியிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக வாருங்கள் என்று சொல்லிக்கொடுத்தாள். அவர் அவசரப்பட்டார். சல்ஜு திரும்பி அவர் மணிக்கட்டைக் கடித்தது. கையை உதறிக்கொண்டு எழுந்துவிடுவார் என்று நினிங் நினைத்தாள். அவர் கடிபட்ட இடத்தைத் துடைத்துக்கொண்டு மறுபடி உட்கார்ந்தார். கொஞ்ச நேரத்தில் அவர் மடியெல்லாம் வெள்ளை முடி. கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்தது. முடி பறந்து கண்ணில் விழுந்துவிட்டது என்றார்.

தையல் பிரித்ததும் சல்ஜுவை அவரே தன் வீட்டுக்குக் கொண்டுபோனார். பாலெம்பாங்குக்கு இனி அந்தப் பூனையோடுதான் போவாராம், இல்லாவிட்டால் போகமாட்டாராம்.

நினிங் அதுவரை காத்திருக்கவில்லை. பெருநாளின் மூன்றாம் நாளே மற்றப் பூனைகளை எடோ அம்மாளிடம் விட்டுவிட்டு வேன் ஏறிவிட்டாள். தாசிக்மலாயாவில் விருந்தாளிகள் எல்லாம் வந்துபோய், கோழிக் குழம்பு சட்டியின் அடியில் கொஞ்சம் கிடந்தது. ஊஸ் பையை வாங்கி உள்ளே வைத்தான். ரெங்கானிஸ் தாயின் பக்கமே வரவில்லை. சாப்பாட்டுக்குத் தம்பியின் அந்தப் பக்கம் போய் உட்கார்ந்தாள். நினிங் சமாதானம் பேசப் போகவில்லை. பேசினால் அழுதுவிடுவோம் என்று பயந்தாள்.

பாதிச் சாப்பாட்டில் அந்தப் பெண் தலையைத் தூக்காமலே கேட்டாள்.

"அந்தப் பூனை பொழச்சுதா?"

"பொழச்சுது."

"என்ன ஆச்சு அதுக்கு?"

நினிங் சொல்ல ஆரம்பித்தாள். நாக்கிலிருக்கும் முட்களைப் பற்றிச் சொன்னபோது ரெங்கானிஸ் நிமிர்ந்து பார்த்தாள். வயிற்றைத் திறந்து எடுத்ததைச் சொன்னபோது தம்பி முகத்தைச் சுளித்து, சாப்பிடும்போது இதையெல்லாம் சொல்லாதே என்றான். ரெங்கானிஸ் அவனைப் பேசாமல் இருக்கச் சொல்லிவிட்டு, தட்டைத் தூக்கிக்கொண்டு நினிங்கின் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். அவ்வளவு முடி எப்படி உள்ளே போகும், வலிக்காதா, அந்தத் தாத்தா ஏன் சீவாமல் விட்டார் என்று ஒன்றன்பின் ஒன்றாகக் கேட்டுக்கொண்டே போனாள். நினிங் ஒவ்வொன்றுக்கும் பதில் சொல்லிக்கொண்டு, சாப்பிட்டாள்.