நான்கு தட்டு அமைதி

காலை ஐந்தரைக்கே ஒத்திகை. பகலில் முதலாளி அரங்கத்தைக் கூட்டங்களுக்கு வாடகைக்கு விட்டுவிடுவார். எங்களுக்கு மிச்சம் விடியல்தான். மரத்துப்போன விரல்களை வாயால் ஊதிச் சூடாக்கிக்கொண்டு அறுபது பேரும் மேடையில் இடித்துப் பிடித்து உட்காருவோம். விலை கூடிய நாற்காலிகள் இரண்டு வரிசை அதிகம் போடுவதற்காக மேடையின் முன்பகுதியையே வெட்டி எடுத்துவிட்டார் மகராசன்.

அதனால் எங்கள் வயலின் வரிசைக்கும் பின்னால் இருக்கும் ட்ரம்பெட்டுக்கும் நடுவே ஒரு முழம்கூட இல்லை. பக்கத்து நாற்காலி அக்காவும் நானும் ஒரே இசைத்தாளைப் பார்த்து வாசிப்பவர்கள். அவள் வலது காதுக்கு நேர் பின்னால் பீரங்கி. ட்ரம்பெட்காரருக்கு நாங்கள் வைத்த பெயர் அது. ஏழு மாதமாக அக்காவின் காதில் ஓயாத இரைச்சல். நடுவில் ஒரு தடுப்பாவது வையுங்கள் என்று மூன்று முறை எழுதிக் கொடுத்தோம். காதில் பஞ்சு வைத்துக்கொள்ளச் சொன்னார் முதலாளி.

போன கச்சேரியில் அது நடந்தது. ட்ரம்பெட் முழங்கி நின்றதும் எல்லோரும் தாளத்தில் நான்கு தட்டு சும்மா இருக்க வேண்டும். இரைச்சலில் அக்காவுக்கு எண்ணிக்கை தவறிவிட்டது. அந்த அமைதிக்குள் அவள் வில் மட்டும் தனியாக இழுத்தது.

இன்று முதலாளியே வந்து இசை நடத்துநருக்குப் பக்கத்தில் நின்றார்.

"அந்த இடத்தை வாசிங்க. அந்தம்மா இன்னைக்கும் உள்ள நுழைஞ்சா, நாளையிலேர்ந்து வர வேண்டாம்."

அக்கா ஒருத்தியின் சம்பாத்தியத்தில்தான் அவள் வீட்டில் உலை கொதிக்கிறது. அப்போது பீரங்கி என் முதுகுப் பக்கம் குனிந்தார்.

"அவ நுழையறதுக்கு முன்னாடி நாம நுழைஞ்சிடணும்."

நான் அதை முன்வரிசைக்குச் சொன்னேன். தாள் புரட்டும் சாக்கில் அது மேடை முழுக்கப் போய்ச் சேர்ந்தது. அக்காவின் காதில்தான் விழவில்லை. அவள் கண்ணைத் தாளிலிருந்து எடுக்கவே இல்லை.

வாசித்தோம். ட்ரம்பெட் முழங்கி நின்றது. மறுகணம் ஆளுக்கொரு சுரமாக, காது கொடுத்துக் கேட்க முடியாத கூச்சலோடு உள்ளே பாய்ந்தோம். அக்கா மட்டும் வில்லை உயர்த்திப் பிடித்தபடி, பாதத்தால் தரையைத் தட்டி எண்ணிக்கொண்டிருந்தாள். நான்கு தட்டும் பிசகவில்லை. பாவி, இன்றைக்கென்று பார்த்துச் சரியாக எண்ணித் தொலைத்தாள்.

பீரங்கி எழுந்தார்.

"அந்தம்மா ஒருத்திதான் சரி. மத்த அம்பத்தொம்பது பேரையும் அனுப்பிடுங்க. இல்லேன்னா சாயங்காலத்துக்குள்ள தடுப்பு வரணும்."

முதலாளியின் முகம் சிவந்தது. இந்தம்மா இருக்கட்டும், மற்றவர்களின் பெயரை எழுது என்று நடத்துநரை ஏவினார். நடத்துநர் பேனாவைத் தேடுவதுபோல் சட்டைப்பையைத் தடவிக்கொண்டே நின்றார்.

அக்கா என்னைப் பார்த்தாள். விஷயத்தை அவள் இடது காதில் சொன்னேன். சிரித்தாளா அழுதாளா, எனக்கே தெரியவில்லை. வயலினை மறுபடி தோளில் ஏற்றி நடத்துநரைப் பார்த்தாள்.

"சார், அந்த இடத்தை இன்னொரு தடவை எடுங்க. இந்தத் தடவை நானும் நுழையறேன்."